பழைய மடிக்கணனி உறைந்து நின்றால்...

கணனி எமது அன்றாட வேலைகளுக்குள் வந்து கனகாலமாகிவிட்டது. ஆனால் அது பழுதானால் மட்டும், “எங்களுக்கு என்ன தெரியும்?” என்று கடைக்காரரின் வார்த்தையையே நம்பியிருக்கிறோம்.

நான் பணிபுரியும் கிராமத்தில் மகளிர் சேமிப்புக் குழுவொன்றின் கணக்குகள் யாவும் ஒரு பழைய மடிக்கணனியிலேயே உள்ளன. அண்மையில் அது அடிக்கடி உறைந்து நின்றது. சுட்டி அசையாது, விசைப்பலகையும் இயங்காது. “மதர்போட் போய்விட்டது, புதிதாக வாங்குங்கள்” என்றார் ஒரு கடைக்காரர். வாங்குவதென்றால் அங்கத்தவர்களின் சேமிப்பில்தான் கைவைக்க வேண்டும். எனவே செயலாளர் அக்காவும் நானும் ஒவ்வொன்றாகச் சோதித்தோம்.

முதல் வேலை, கணக்குகளை பென்ட்ரைவில் பிரதிசெய்து வைப்பது. வன்தட்டில் பழுதிருந்தால் சோதனைக்கிடையிலேயே அது நின்றுவிடலாம்.

அடுத்தது வெப்பம். சூடேறிய பின்புதான் உறைகிறதா என்று கவனியுங்கள். காற்றுத் துவாரத்தில் தூசி அடைத்தாலும், மெத்தைமேல் வைத்துப் பாவித்தாலும் சூடு வெளியேறாது. எங்களுடையதோ காலையில் திறந்தவுடனேயே உறைந்தது. ஆகவே காரணம் வேறு.

மூன்றாவது வன்தட்டு. ‘டிக், டிக்’ என்ற சத்தமும், கோப்பைத் திறக்க நெடுநேரம் எடுப்பதும் அதன் அறிகுறிகள். இவை எங்களுடையதில் இல்லை.

நான்காவது ‘றாம்’ எனப்படும் நினைவகம். வின்டோஸிலேயே ‘மெமரி டயக்னொஸ்டிக்’ என்ற சோதனை உண்டு. கணனி மீண்டும் தொடங்கி, தானே சோதித்துச் சொல்லும். பழுது இருப்பதாகக் காட்டியது. மின்சாரத்தை நிறுத்தி, பற்றரியையும் கழற்றிவிட்டு அடிமூடியைத் திறந்தோம். உள்ளே இரண்டு நினைவக அட்டைகள். ஒரே இடத்தில் ஒன்றை மாற்றி ஒன்றைப் பொருத்திச் சோதித்தபோது, ஓர் அட்டையில் மட்டுமே பழுது வந்தது. அந்த இடம் சரியானது, அட்டைதான் பழுது என்பது தெளிவானது. நல்ல அட்டையுடன் கணனி சற்று மெதுவாக ஓடினாலும் பின்னர் உறையவில்லை. மதர்போட்டுக்கு ஒன்றுமில்லை!

ஓர் எச்சரிக்கை. பற்றரி வீங்கியிருந்தால் சார்ஜ் செய்யவோ குத்தவோ அழுத்தவோ வேண்டாம். உடனே நிறுத்திவிட்டு, அனுபவமுள்ளவரிடம் காட்டுங்கள்.

சகோதரிகளே, எல்லாவற்றையும் நாமே திருத்த வேண்டுமென்பதில்லை. எப்போது, என்ன செய்யும்போது உறைந்தது என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனாலே போதும். “எதைச் சோதித்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்?” என்று கேட்கும் துணிவு வரும். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் காப்பதும் சேமிப்புத்தானே!