ஆற்றங்கரை ஆலையும் கரிசல்காட்டுக் கைகளும்



மல்லாங்கிணற்றில் நின்றுகொண்டு பாபநாசம் ஆலையைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நமக்கு ஆறு இல்லை, கண்மாயும் கரிசலும்தான். தாமிரபரணி வெகு தொலைவில், பொதிகை மலையிலிருந்து இறங்குகிறது. ஆனால் அந்த ஆற்றங்கரை ஆலையில் கதிர்கள் சுற்றத் தேவைப்பட்ட பஞ்சு கரிசல் மண்ணில் விளைந்தது. வெயிலில் குனிந்து அந்தப் பருத்தியை எடுத்தவர்களில் நம் பாட்டிமாரும் உண்டு. அந்த உரிமையில்தான் பேசுகிறோம்.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது இங்கிலாந்து ஆலைகளுக்குப் பஞ்சு கிடைக்கவில்லை. கரிசல் பருத்திக்கு விலை ஏறியது. 1876இல் மதுரையிலிருந்து விருதுபட்டி, சாத்தூர், கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் ஓடியது. அதே ஆண்டு தாது வருடப் பஞ்சமும் தொடங்கியது. பருத்தி ரயிலேறிய காலத்தில், நிலமற்ற நம் மக்கள் பசிக்கு ஊரைவிட்டு இலங்கைத் தோட்டங்களுக்கு நடந்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஹார்வி சகோதரர்கள் 1885 வாக்கில் பாபநாசம் மலையடிவாரத்தில், விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை நிறுவினார்கள். ஏன் அங்கே? நீராவி எந்திரத்துக்கு நிலக்கரி வேண்டும். அது நம் பக்கம் கிடைக்காது. கப்பலிலும் ரயிலிலும் வர வேண்டும். மலையிலிருந்து விழும் ஆற்று நீரோ விலையில்லாமல் சக்கரத்தைச் சுழற்றும். ரயில் அடிவாரத்தை எட்டும்முன் பஞ்சுப் பொதிகள் மாட்டு வண்டியில்தான் போயின. தூத்துக்குடியில் கோரல் ஆலை, மதுரையில் இன்னொரு ஆலை என்று ஹார்வி நிறுவனம் விரிந்தது. மதுரா மில்ஸ் என்றும், 1974க்குப் பின் மதுரா கோட்ஸ் என்றும் பெயர் மாறியது. விக்கிரமசிங்கபுரம் ஆலைச் சங்குக்கு எழுந்து படுக்கும் ஊரானது.

இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் முதலாளியின் பெயரை எழுதுவார்கள். மதுரையில் ஹார்விபட்டி என்று ஒரு குடியிருப்பே இருக்கிறது. போராட்டத்தை எழுதுகிறவர்கள் 1908ஆம் ஆண்டின் கோரல் ஆலை வேலைநிறுத்தத்தை எழுதுவார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்ற அந்தப் போராட்டம் கூலி உயர்வையும் வார விடுமுறையையும் கேட்டது. அது பெருமைக்குரியதுதான். ஆனால் நம் கேள்வி வேறு: ஆலைக்குள் யார் எந்த வேலையில் நிறுத்தப்பட்டார்கள்?

பம்பாய் ஆலைகளைப் பற்றி அண்ணல் அம்பேத்கர் இதே கேள்வியைக் கேட்டார். அங்கே கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோருக்கு இடமில்லை. தார் தீர்ந்ததும் புது நூலின் முனையை நாடாவின் துளை வழியாக வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். நம்மவர் வாய் பட்ட நாடாவைப் பிறர் தொடமாட்டார்கள். தொழிலாளர் ஒற்றுமை பேசிய சங்கங்களிடம் 1928 வேலைநிறுத்தத்தின்போதே அவர் இதை எழுப்பினார். 1938இல் மன்மாடு ரயில்வே தொழிலாளர் மாநாட்டில், பார்ப்பனியமும் முதலாளித்துவமும் தொழிலாளருக்கு இரு எதிரிகள் என்றார்.

நூற்பாலையில் நாடா இல்லை. ஆனால் மேஸ்திரி உண்டு. அக்கால ஆலைகளில் ஆள் சேர்ப்பது அவர் கையில் இருந்தது. அவர் தன் சொந்தத்தை, தன் ஊரை, தன் சாதியைச் சேர்ப்பார். வாசலில் எந்தப் பலகையும் மாட்டாமலே சாதி இப்படி உள்ளே போய்விடும். பஞ்சுத் தூசி பறக்கும் பிரிவு யாருக்கு, நூல் சுற்றும் பிரிவு யாருக்கு என்பதைத் திறமை மட்டும் முடிவு செய்யவில்லை.

இது பழங்கதை அல்ல. அண்மைக் காலத்தில் மேற்கு மாவட்ட நூற்பாலைகள் ‘சுமங்கலித் திட்டம்’ என்று சொல்லி, மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை தருவதாக இளம்பெண்களை விடுதிக்கு அழைத்துப்போயின. போனவர்களில் நம் பெண்கள் ஏராளம். அன்று வாசலில் தடுத்த சாதி, இன்று மலிவான கூலியாக உள்ளே இழுக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஆலையிலோ பருத்திக் காட்டிலோ பட்டாசு ஆலையிலோ உழைத்த முதியவர் உங்கள் வீட்டில் இருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். யார் கூட்டிப்போய்ச் சேர்த்தார்? எந்தப் பிரிவில் நிறுத்தினார்கள்? தண்ணீர் எங்கே குடித்தீர்கள்? பதிலை அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். முதலாளியின் கணக்கேட்டில் நம் உழைப்பு வெறும் கூலித் தொகை. நம் ஏட்டில் அது பெயரோடு இருக்க வேண்டும். நினைவில் வாழும் நம் தோழருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.