உறங்காத அலாரம், உறங்கிப்போன பேட்டரி

திங்கட்கிழமை சபைகூடல் முடிந்ததும் படிவம் 4 மாணவன் ஒருவன் என்னிடம் ஓடி வந்தான். "சார், அப்பா வண்டிக்கு அலாரம் போட்டு ரெண்டு வாரம்கூட ஆகல. இன்னைக்குக் காலையில ஸ்டார்ட்டே ஆகல. டக் டக்னு சத்தம் மட்டும் வருது. உதைச்சும் பார்த்தாச்சு. அப்பா பஸ் பிடிச்சு வேலைக்குப் போனாரு."

அவர்கள் குடியிருப்பது அடுக்குமாடி வீட்டில். வண்டி கீழே, படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். அக்கம்பக்கத்தில் வண்டி காணாமல் போகிறது என்று கேள்விப்பட்டு, அவன் அப்பா தம் கப்சாய்க்கு ஒரு பட்டறையில் அலாரம் பொருத்தியிருக்கிறார். திருடன் கொண்டு போய்விடக்கூடாது என்று போட்ட அலாரம், சொந்தக்காரரையே போகவிடாமல் செய்துவிட்டது.

மாணவர்களே, 16 வயதானால் பி2 உரிமம் எடுக்கலாம் என்று உங்களில் பலர் நாள் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். வண்டி வந்தவுடன் அலாரம் வாங்கவும் ஆசை வரும். இணையத்தில் சில பத்து ரிங்கிட்டுக்கே கிடைக்கிறது. வாங்குமுன் இந்தக் கதையைக் கேளுங்கள். இதில் உள்ளதெல்லாம் நீங்கள் படித்த மின்சுற்றுப் பாடம்தான்.

அன்று மாலை மல்டிமீட்டருடன் அவன் வீட்டுக்குப் போனேன். பேட்டரியின் மின்னழுத்தம் 11.5 வோல்ட். நன்கு மின்னேற்றிய 12 வோல்ட் ஈய அமில பேட்டரி, ஓய்வில் இருக்கும்போது 12.7 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 11.5 என்றால் கிட்டத்தட்ட காலி. 'டக் டக்' சத்தம் ஸ்டார்ட்டர் ரிலே மூடித் திறக்கும் சத்தம். ரிலேயை இழுக்கக் கொஞ்சம் மின்னோட்டம் போதும். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றப் பல மடங்கு வேண்டும், அது கிடைக்கவில்லை. உதைத்தும் கிளம்பாததற்குக் காரணம், அது எஃப்.ஐ. வண்டி. பழைய கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றில் பேட்டரி செத்தாலும் உதைத்துக் கிளப்பிவிடலாம். எஃப்.ஐ. வண்டியில் பெட்ரோல் பம்புக்கும் கட்டுப்பாட்டுக் கணினிக்கும் மின்சாரம் தேவை.

பேட்டரியைக் குடித்தது யார்? சந்தேகம் அலாரத்தின் மேல்தான். ஆனால் சந்தேகம் அளவீடு ஆகாது. மின்னோட்டத்தை அளக்க அம்மீட்டரைத் தொடராக இணைக்க வேண்டும் என்று படித்திருக்கிறீர்கள். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் எதிர்முனை வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தோம். எப்போதும் 10 ஆம்பியர் துளையில் தொடங்குங்கள். அளவு சிறியது என்று உறுதியான பிறகே மில்லி ஆம்பியருக்கு மாறுங்கள். அளக்கும்போது யாராவது சாவியைத் திருகி ஸ்டார்ட்டரை அழுத்தினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். (பள்ளி ஆய்வுக்கூட மீட்டர்கள் பாதி அப்படித்தான் செத்துக் கிடக்கின்றன.)

அலாரத்தை இயக்கி வைத்தபோது மீட்டர் 24 மில்லி ஆம்பியர் காட்டியது. அலாரத்தின் ஃபியூஸை உருவியதும் 1 மில்லி ஆம்பியருக்கு இறங்கியது. ஆக, வண்டி 'தூங்கும்போது' அலாரம் மட்டும் 23 மில்லி ஆம்பியர் குடிக்கிறது. ரிமோட் எப்போது அழுத்தப்படும், யார் வண்டியை அசைப்பார்கள் என்று அது காத்துக்கொண்டே இருக்க வேண்டுமே!

24 மில்லி ஆம்பியர் ஒரு பொருட்டா? ஒரு நாளுக்கு 24 மணி. 24-ஐ 24-ஆல் பெருக்கினால் 576 மில்லி ஆம்பியர்-மணி, அதாவது ஏறக்குறைய 0.58 ஆம்பியர்-மணி. அந்த பேட்டரியின் மேல் எழுதியிருப்பது 3.5 ஆம்பியர்-மணி. கார் பேட்டரியில் இதைப்போல் பத்து மடங்குக்கு மேல் இருக்கும். அதனால்தான் காரில் கவனிக்காமல் விடக்கூடிய ஒழுக்கு, கப்சாயில் கழுத்தைப் பிடிக்கிறது. மேலும் இந்த பேட்டரிக்கு வயது மூன்று. எழுதியிருப்பதில் பாதி கொள்ளளவு மிஞ்சியிருந்தாலே பெரிது.

"அப்படின்னா ரெண்டு வாரம் எப்படி சார் ஓடுச்சு?" என்று கேட்டான். நல்ல கேள்வி. விடை அவனிடமே இருந்தது. வாரநாளில் அப்பா தினமும் வேலைக்குப் போய் வருகிறார், மொத்தம் ஒன்றேகால் மணிநேரப் பயணம். ஒரு ஆம்பியர் அளவில் மின்னேற்றம் நடப்பதாக வைத்துக்கொண்டாலும் செலவைவிட வரவு அதிகம். முதல் சனி, ஞாயிறில் அவருக்கு ஓவர்டைம். இரண்டாவது சனி, ஞாயிறில் மழை. வெள்ளி மாலை 6 மணிக்கு நிறுத்திய வண்டியைத் திங்கள் காலை 6 மணிக்குத்தான் தொட்டிருக்கிறார். 60 மணிநேரம், 24 மில்லி ஆம்பியர்: 1.44 ஆம்பியர்-மணி. கிழ பேட்டரிக்கு அது தாங்காது.

பக்கத்துக் கடைக்கு மட்டும் போய்வரும் வண்டிகளின் நிலை இன்னும் மோசம். பத்து நிமிட ஓட்டத்தில் ஏறுவது அரைநாள் செலவுக்கும் காணாது.

இத்தோடு முடிந்திருந்தால் பேட்டரியை மாற்றச் சொல்லிவிட்டு வந்திருப்பேன். இருக்கைக்கு அடியில் பார்த்தபோதுதான் எனக்குப் பகீர் என்றது.

அலாரங்களில் இன்ஜினை நிறுத்தும் வசதி உண்டு. இக்னிஷனுக்குப் போகும் வயரை வெட்டி, நடுவில் ஒரு ரிலேயைச் செருகுவார்கள். ரிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச். அதன் அடியில் 30, 85, 86, 87, 87ஏ என்று எண்கள் இருக்கும். 85, 86 மின்காந்தச் சுருளின் இரு முனைகள். 30-க்குள் வரும் மின்சாரம், சுருளில் மின்னோட்டம் இல்லாதபோது 87ஏ வழியாகப் போகும். சுருளுக்கு மின்னோட்டம் கொடுத்தால் 87-க்குத் தாவும்.

இங்கே இரண்டு வழி உண்டு. இன்ஜின் வயரை 87ஏ-யில் இணைத்தால், வண்டி சாதாரணமாக ஓடும். திருடன் கை வைக்கும்போது மட்டும் அலாரம் சுருளை இயக்கி இன்ஜினைத் துண்டிக்கும். குறை என்னவென்றால், விவரம் தெரிந்த திருடன் அலாரத்தின் மின்சாரத்தை அறுத்துவிட்டால் வண்டி அவனுக்கும் ஓடும். 87-இல் இணைத்தால் நேர்மாறு. அலாரத்தை அறுத்தால் வண்டி நகராது. திருட்டைத் தடுக்க இதுதான் கெட்டி. ஆனால் நீங்கள் ஓட்டும் நேரமெல்லாம் அலாரம் அந்தச் சுருளைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அலாரத்தின் ஃபியூஸ் போனால், ஒரு வயர் கழன்றால், ஓட்டத்திலேயே இன்ஜின் அணைந்துவிடும்.

அந்த வண்டியில் 87-இல்தான் இணைத்திருந்தார்கள். அதுவும் எப்படி? வயர்களை முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றி. நம் ஊர் வெயிலில் டேப்பின் பசை இளகி, டேப் நெகிழ்ந்து நின்றது. லேசாக இழுத்ததும் ஓர் இணைப்பு கையோடு வந்துவிட்டது. அவர் அதை ஓட்டிக்கொண்டு தினமும் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஷா ஆலாம் போகிறார். மோட்டார் சைக்கிள் தடத்தில், விடியாத இருட்டில், பின்னால் வண்டிகள் வரிசையாக வரும்போது இன்ஜின் நின்றால் என்ன ஆகும் என்று அவன் முன்னால் நான் விவரிக்கவில்லை. பேட்டரி செத்ததே நல்லதாகப் போயிற்று என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அவன் அப்பாவிடம் இரண்டு வழியையும் சொன்னேன். என்னைக் கேட்டால் 87ஏ என்பேன். திருட்டுக்குப் பயந்தால் டிஸ்க் பூட்டு ஒன்று கூடுதலாகப் போடலாம். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "ஓடுறப்ப நிக்காம இருந்தா போதும் சார்," என்றார். மறுநாள் அனுபவமுள்ள ஒரு வயரிங்காரரிடம் விட்டு மாற்றினார். வயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடினார்கள். இன்ஜின், பிரேக் விளக்கு சம்பந்தப்பட்ட வயர்களை நீங்களாக வெட்டிப் பழகாதீர்கள். அளப்பதைப் பெரியவர் துணையோடு நீங்களே செய்யலாம்.

பேட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். வண்டியின் சட்டம் முழுவதும் எதிர்முனையோடு சேர்ந்தது. நேர்முனையை முதலில் திருகும்போது ஸ்பேனர் சட்டத்தில் பட்டால் குறுஞ்சுற்று ஏற்பட்டுத் தீப்பொறி பறக்கும். அலாரத்துக்கென்று தனி ஃபியூஸ் வேண்டும், அதுவும் பேட்டரிக்கு மிக அருகில். ஃபியூஸ் காப்பது அலாரத்தை என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பது வயரை. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வரை உள்ள வயர் துண்டுக்குக் காவல் இல்லை, அதனால் அது குட்டையாக இருக்க வேண்டும். அலாரம் அடிக்கும்போது நான்கு சிக்னல் விளக்குகளும் மின்னும். தலா 10 வாட் பல்பு என்றால் 40 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 3.3 ஆம்பியர். சைரனையும் சேர்த்தால் 5 ஆம்பியர் ஃபியூஸ் பொருத்தமாக இருக்கும்.

புதிய அலாரப் பெட்டியிலிருந்து எதிலும் இணையாத மெல்லிய வயர் ஒன்று தொங்கியது. "இது வேஸ்ட் வயரா சார், வெட்டிடலாமா?" என்றான். வெட்டியிருந்தால் ரிமோட் பக்கத்தில் நின்றால்தான் வேலை செய்யும். அதுதான் ஏரியல். ரிமோட்டின் அலைவரிசை 433.92 மெகாஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை அதனால் வகுத்தால் அலைநீளம் 69 சென்டிமீட்டர். அதில் கால்பங்கு 17 சென்டிமீட்டர். அளவுகோலை வைத்துப் பார்த்தோம், சரியாக 17!

அசைவை உணரும் பாகம் பல அலாரங்களில் ஒரு பீசோ தகடு. அழுத்தினால் மின்னழுத்தம் தரும் இந்தப் பண்பை 1880-இல் கண்டவர்கள் ஜாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள். அதன் உணர்திறனைக் குறைத்து வையுங்கள். லாரி போனாலும் இடி இடித்தாலும் கத்தும் அலாரத்தை, நிஜமாகத் திருடன் வரும்போது அண்டை வீட்டார் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள். ரிமோட்டாலேயே இன்ஜினைக் கிளப்பும் வசதி இருந்தால் அதை இணைக்கவே வேண்டாம். கியரில் நிற்கும் வண்டி முன்னால் பாயும்.

புதிய அலாரம் வாங்கும்போது, காத்திருப்பு நிலையில் எத்தனை மில்லி ஆம்பியர் என்று அவன்தான் கடைக்காரரைக் கேட்டிருக்கிறான். கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். புதிய பேட்டரியில் மாட்டி மறுபடி அளந்தோம். 4 மில்லி ஆம்பியர், ஒரு நாளுக்கு 0.1 ஆம்பியர்-மணிகூட இல்லை. ஆனால் மீட்டரின் எண் நிலையாக நிற்கவில்லை. இரண்டு வினாடிக்கு ஒருமுறை 9-க்குத் தாவி மீண்டும் 4-க்கு வந்தது. அலாரத்தின் சிவப்பு எல்.இ.டி. விளக்கு மின்னும் நேரம் அது.

"அப்போ கணக்குல எந்த எண்ணைப் போடறது சார்?" என்றான். விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது என்று கைப்பேசியில் காணொலி எடுத்து, சராசரியைக் கண்டுபிடித்து வரச் சொல்லியிருக்கிறேன்.