இலை வெளுத்தால் நெல் குறையுமா?

நட்டு இருபத்தைந்து நாள் ஆகியிருக்கும். இலைகள் நீளவாக்கில் மடிந்து, உள்ளே பச்சையம் சுரண்டப்பட்டு, வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கும். இலைச்சுருட்டுப் புழுவின் வேலை. வரப்பில் நிற்பவருக்கு வயிறு கலங்கும். மறுநாளே மருந்துத் தெளிப்பான் முதுகில் ஏறிவிடும். ஆனால் அந்த இலைகள் போனதால் அறுவடையில் எத்தனை மூட்டை குறையும்? கண் பார்வைக்கு அது அகப்படாது.

கணினிக்குள் வளரும் நெற்பயிருக்கு அகப்படும். பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் நெதர்லாந்தின் வாஹனிங்கன் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய 'ஒரைசா' அப்படிப்பட்ட ஒரு பயிர் மாதிரி. அன்றன்றைய வெயிலையும் வெப்பத்தையும் கொடுத்தால், இலை எவ்வளவு மாவுப்பொருள் தயாரித்தது, அது வேருக்கும் தண்டுக்கும் கதிருக்கும் எப்படிப் பிரிந்தது என்று நாள்கணக்கு எழுதிக்கொண்டே போகும். இதற்காக ஆசிய நாடுகளில் நடந்த பயிற்சித் திட்டத்தில் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் பங்கேற்றது.

பூச்சியை இந்தக் கணக்கில் நுழைப்பது எப்படி? 1983-இல் கென்னத் பூட் முதலிய அமெரிக்க விஞ்ஞானிகள் சுருக்கமாக ஒரு வழி சொன்னார்கள்: பூச்சியின் பெயரை விடுங்கள், அது பயிரை என்ன செய்கிறது என்று பாருங்கள். இலைச்சுருட்டுப் புழு இலைப்பரப்பைக் குறைக்கிறது. புகையான் சாற்றை உறிஞ்சி, அன்றைய வரவில் கை வைக்கிறது. குருத்துப்பூச்சி தூர்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறது.

கணக்கைப் போட்டால்தான் வேடிக்கை. நன்றாக மூடிய வயலில் ஒரு சதுர மீட்டர் நிலத்தின்மேல் 6 சதுர மீட்டர் இலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விழும் ஒளியில் ஏறத்தாழ 95 சதவீதத்தை அது பிடிக்கும். புழு ஒரு சதுர மீட்டரைத் தின்றுவிட்டால்? 92 சதவீதம். ஆறில் ஒரு பங்கு இலை போயும் ஒளியில் இழப்பு மூன்றே சதவீதம். கீழே நிழலில் கிடந்த இலைகள் வேலையை ஏற்றுக்கொள்கின்றன. இளம்பயிரில் இந்த அடர்த்தி இல்லைதான். ஆனால் அதற்கு நாள் இருக்கிறது; புது இலை விடும், புதுத் தூர் கட்டும்.

கதிர் வந்தபின் அந்தச் சலுகை இல்லை. மணிக்கு உணவு கொடுப்பதில் பெரும்பங்கு கடைசியாக வரும் கண்ணாடி இலைக்கு. அது போனால் மாற்று இலை வராது. கோவைப் பல்கலைக்கழகம் சொல்லும் பொருளாதாரச் சேத நிலையும், அதாவது மருந்தடிக்க வேண்டிய எல்லையும், இப்படித்தான் இறங்குகிறது: வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவீத இலைச் சேதம், பூக்கும்போது கண்ணாடி இலையில் 5 சதவீதம். குருத்துப்பூச்சிக்கு இன்னும் கறார்: காய்ந்த குருத்து 10 சதவீதம், வெண்கதிர் 2 சதவீதம். பூச்சி ஒன்றுதான், பயிரின் வயதுதான் வேறு.

இதைக் கணினித் திரையோடு விட்டிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். 1990-களில் கே. எல். ஹியோங், மோனினா எஸ்கலாடா என்ற ஆய்வாளர்கள் இருவரும் வியட்நாமின் மேகாங் டெல்டா உழவர்களிடம் கேட்டது எளிய உதவி: வயலில் ஒரு பகுதியை மட்டும் முதல் 40 நாள் மருந்தில்லாமல் விட்டுப் பாருங்கள். விளைச்சல் குறையவில்லை. பிறகு வானொலி நாடகமும் துண்டறிக்கையும் செய்தியைப் பரப்பின. லாங் ஆன் மாகாணத்தில் பருவத்துக்கு மூன்று முறைக்குமேல் நடந்த தெளிப்பு, இரண்டுக்கும் கீழே வந்தது.

தெளிக்காமல் இருப்பதில் பணம் மட்டுமா மிச்சம்? ஆரம்பத்தில் அடிக்கும் மருந்து, பூச்சிகளைத் தின்னும் சிலந்திகளை அழித்து, பின்னால் வரும் புகையானுக்குப் பந்தி விரிக்கிறது. அதைக் கண்டுதான் இந்தோனேசியா 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது.

மாதிரி எவ்வளவு கெட்டியானாலும், இன்று வயலில் எத்தனை பூச்சி என்பதை அது அறியாது. தூருக்கு ஒரு புகையான் என்பது நடவடிக்கைக்கான எல்லை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் இரண்டு வரை பொறுக்கலாம். அந்த எண்ணிக்கையை அறிய ஆள் சேற்றில் இறங்கி, அடித்தூரைத் தட்டி, தண்ணீரில் விழுவதை எண்ணவேண்டும்.