எந்தச் சராசரி?

புள்ளியியல் பாடத்தில் முதலில் நாம் சந்திப்பவை மூன்று: கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு. இவற்றைக் கற்பிக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, கரும்பலகையில் சூத்திரத்தை எழுதி, மனப்பாடம் செய்வித்து, பத்துக் கணக்குகள் போடச் செய்வது. மற்றொன்று, முதலில் ஒரு கேள்வியைக் கேட்டு, விடை தேடும்போது சூத்திரத்தைக் கற்பிப்பது.

முதல் வழியில் பிழையின்றிக் கணக்கிடும் பழக்கம் வருகிறது, தேர்வுக்கும் உதவுகிறது. அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் எந்த இடத்தில் எதைப் பயன்படுத்துவது?

ஆம்பூரில் ஷூ தைக்கும் தொழிற்சாலையை நினைத்துப் பார்ப்போம். எந்த அளவை மிகுதியாகத் தைக்க வேண்டும்? கூட்டுச் சராசரி 6.37 என்று வந்தால், அந்த அளவில் ஷூவே கிடையாது! மிகப் பலர் அணியும் அளவைக் காட்டும் முகடுதான் அங்கே வேண்டும்.

இன்னொரு கணக்கு. ஒரு தோல் பதனிடும் தொழிற்கூடத்தில் ஒன்பது பேருக்கு நாட்கூலி 400 ரூபாய். உரிமையாளரின் நாள் வருவாய் 6,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூட்டுச் சராசரி 1,000 ரூபாய்! இது பொய்யன்று. ஆயினும் அந்த ஒன்பது வீடுகளிலும் அடுப்பு எரிவது 400 ரூபாயில்தான். அதைக் காட்டுவது இடைநிலை அளவு. சூத்திரம் மட்டுமே அறிந்த மாணவி முழு மதிப்பெண் பெற்றும் இங்கே ஏமாறக்கூடும்.

அப்படியானால் இரண்டாம் வழியே சிறந்ததா? இரு வகுப்புகளின் மதிப்பெண்களை ஒப்பிட்டால் மட்டும் போதாது. ஒன்றில் கெட்டிக்காரர்கள் மிகுந்திருக்கலாம். சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதே நேர்மை. சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம் இம்முறையில்தான் நோயாளிகளை வீட்டுச் சிகிச்சைக்கும் சானடோரியத்துக்கும் பிரித்தது. வீட்டிலிருந்தே மருந்துண்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தனர் என்று 1959-ல் வெளியான முடிவு, பல நாடுகளில் சிகிச்சை முறையையே மாற்றியது.

கற்பித்தலைப் பற்றியும் இத்தகைய ஒப்பீடுகள் உண்டு. கல்லூரி அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் குறித்த 225 ஆய்வுகளை 2014-ல் அமெரிக்க அறிஞர்கள் தொகுத்து ஆராய்ந்தனர். எல்லாமே சீட்டுக் குலுக்கியவை அல்ல. ஆயினும், விரிவுரையை மட்டும் கேட்டவர்களிடையே தோல்வி, தாமே செய்து கற்றவர்களைவிட ஒன்றரை மடங்காக இருந்தது.

ஆகவே, தோழியரே, சூத்திரத்தையும் கற்போம். ஆனால் கேள்வியை முதலில் வைப்போம். "சராசரி" என்று யார் சொன்னாலும், "எந்தச் சராசரி?" என்று பணிவுடன் கேட்கத் துணிவோம்!