உறையாத மீனுக்குள் உருகாத பனி

அண்டார்டிகக் கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு ஆணையம் வரும் அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் கூடுகிறது. அதுபற்றி எழுதியதும் கள்ளக்குறிச்சியிலிருந்தும் கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்தும் வந்த கடிதங்களில் ஒரே கேள்வி: கடல் சூடானால், குளிரில் விறைத்துக் கிடக்கும் மீனுக்கு நல்லதுதானே?

நல்லதல்ல. காரணம் அதன் ரத்தத்திலேயே இருக்கிறது.

அண்டார்டிகாவில் கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரி வரை குளிர்ந்து கிடக்கிறது. நம் கோமுகி அணைக் கெண்டையின் ரத்தம் மைனஸ் 1-ஐத் தொடுமுன்பே உறைந்துவிடும். தென்துருவ மீன் உறையாததற்கு ரத்தத்திலுள்ள உப்பு மட்டும் காரணமில்லை என்று 1960-களில் ஆய்வாளர் ஆர்தர் டிவ்ரீஸ் கண்டறிந்தார். மிச்ச வேலையைச் செய்வது ஒரு புரதம். அதற்கு ‘உறைதடுப்பி’ என்று பெயர். அந்தப் பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது. உடலுக்குள் பனி நுழைவதை அது தடுப்பதில்லை. நுழைந்த பனி வளர்வதைத்தான் தடுக்கிறது.

எப்படி? பஞ்சு மெத்தையில் ஆங்காங்கே தையல் போட்டால், இடையிடையே துணி புடைத்து நிற்கும் அல்லவா? புரத மூலக்கூறுகள் பனித்துகளின் மேல் அப்படித் தைத்தாற்போல் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றின் இடைவெளியில் மட்டுமே பனி புடைத்து வளர முடியும். வளைந்த பரப்பில் நீர் வந்து உறைவது கடினம் என்பதால் வளர்ச்சி நின்றுவிடுகிறது. செரிமான நொதி ஒன்றின் மரபணுத் துண்டிலிருந்து பிறந்த புரதம் இது என்பது 1997-ல் தெரியவந்தது. வியக்காமல் இருக்க முடியவில்லை.

கவலை தருவது அடுத்த செய்தி. வளரவிடாத அதே தையல் உருகவும் விடுவதில்லை. பால் சிக்கோவும் சக ஆய்வாளர்களும் 2014-ல் இதை வெளியிட்டார்கள்: உருகவேண்டிய வெப்பநிலையைத் தாண்டிய பிறகும் மீனுக்குள் பனித்துகள்கள் அப்படியே இருந்தன. அவை மண்ணீரலில் சேர்கின்றன. சில மீன்கள் ஆயுள் முழுக்க அவற்றைச் சுமக்கக்கூடும். ஆக, கோடை வந்தாலும் அந்தப் பனி எளிதில் கரையாது.

வெப்பத்தைத் தாங்கவும் அந்த உடலுக்குத் தெரியாது. மக்மர்டோ விரிகுடாவின் மீன்கள் ஆய்வகத்தில் 6 டிகிரியை ஒட்டியே இறந்தன. கல்வராயன் ஓடை மார்கழி விடியலில்கூட அதைவிட வெதுவெதுப்பாகத்தான் ஓடும். சூடு ஏறும்போது மற்ற உயிர்கள் அதிகமாக உருவாக்கும் காப்புப் புரதங்களைக் கூட்டும் திறனையும் அவற்றில் ஓர் இனம் இழந்துவிட்டது.

இப்போது ஆணையத்தின் பெயரிலுள்ள ‘பாதுகாப்பு’. ஆணையத்தை உருவாக்கிய ஒப்பந்தத்தின் இரண்டாம் விதிப்படி அந்தச் சொல்லில் ‘அறிவார்ந்த பயன்பாடும்’ அடங்கும். அந்தச் சொல்லின் நிழலில்தான், இதே புரதம் ஓடும் அண்டார்டிக டூத்ஃபிஷ் ராஸ் கடலில் பிடிபடுகிறது. பாதுகாக்கிறோம் என்ற அறிக்கையைப் படிக்கும்போது இந்த விதியையும் சேர்த்துப் படியுங்கள்.

மற்ற கேள்விகள்:

வெள்ளை ரத்தமுள்ள மீன் உண்டா? உண்டு, ஐஸ்ஃபிஷ் குடும்பத்துக்கு ஹீமோகுளோபினே இல்லை, குளிர்நீரில் நிறைந்து கரைந்திருக்கும் ஆக்ஸிஜனை நம்பி வாழ்கிறது, சூடான நீரில் அது குறையும்.

வடதுருவ மீனுக்கும் இதே புரதமா? சில வடதுருவ மீன்களில் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் வேறொரு மரபணு வழியில் தனியாக உருவானது.

ஆணையத்தில் கடல் காப்பகங்கள் பற்றிய விவாதத்தில் இந்தியா எந்தப் பக்கம்? கிழக்கு அண்டார்டிகாவிலும் வெடெல் கடலிலும் காப்பகம் அமைக்க 2021-ல் ஆதரவு அறிவித்தது.

பிறகு ஏன் அமையவில்லை? ஆணையத்தின் உறுப்பு நாடுகளில் ஒன்று மறுத்தாலும் தீர்மானம் நிறைவேறாது.