தொட்டிச் செண்டுமல்லி: நாற்றழுகலைத் தடுப்பது எப்படி?

வீட்டில் விதைத்த செண்டுமல்லி முளைத்த சில நாட்களில் தண்டின் அடி நைந்து சாய்கிறதா? விதையைக் குறை சொல்லாதீர்கள். இது நாற்றழுகல் நோய். தேங்கும் ஈரத்தில் பித்தியம் போன்ற நோய்க்கிருமிகள் பரவுவதே காரணம்.

செம்மண், மணல், நன்கு மட்கிய தொழுஉரம் மூன்றையும் சம அளவு கலந்து, அடியில் துளையுள்ள குழித்தட்டில் நிரப்புங்கள். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்பது கணக்கு. வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகை போதும். அரை செ.மீ. ஆழத்தில் விதையுங்கள். முளைக்கும்வரை மண்ணில் ஈரப்பதம் இருக்கட்டும். முளைத்தபின் மேல்மண் காய்ந்தால் மட்டும், காலையில் பூவாளியால் தெளியுங்கள். சாய்ந்த நாற்று பிழைக்காது. மண்ணோடு உடனே அகற்றுங்கள்.

25-30 நாள் நாற்றை வெயில் படும் தொட்டிக்கு மாற்றுங்கள். செடி நன்கு வேரூன்றியபின் நுனி கிள்ளினால் பக்கக்கிளைகள் பெருகி, பூக்களும் கூடும்.