உங்க கிணத்துக்கும் பக்கத்து வீட்டு டேங்குக்கும் எத்தனை அடி?

"ஒரு மாசத்துக்கு முன்னாடி பையன் எங்கெங்கே தண்ணி குடிச்சான்?"

டாக்டர் இப்படிக் கேட்டதும் நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டோம். நேற்று எங்கே குடித்தான் என்று கேட்டாலே தெரியாது. பத்து வயசுப் பையன்... ஸ்கூல், டியூஷன், கிரிக்கெட் கிரவுண்டு, பானிபூரி வண்டி என்று ஊரிலிருக்கிற தண்ணியெல்லாம் அவனுக்குச் சொந்தம். இப்போது கண் இரண்டும் மஞ்சளாக, தோசையைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இது காமாலையில 'ஏ' வகை. கிருமி உள்ளே போய் ஏறக்குறைய நாலு வாரம் கழிச்சுத்தான் ஆளைப் படுக்க வைக்கும். அதான் போன மாசத்தைக் கேக்கறேன். வீட்ல என்ன தண்ணி?"

"கிணத்துத் தண்ணிதான் டாக்டர். கல்கண்டு மாதிரி இருக்கும்!" என்றாள் மனைவி பெருமையாக.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "டேஸ்ட் பண்ணிப் பார்த்திருக்கீங்க. டெஸ்ட் பண்ணிப் பார்த்திருக்கீங்களா?"

பதினெட்டு வருஷமாகக் குடிக்கிற தண்ணியை யாராவது டெஸ்ட் பண்ணுவார்களா?

நாங்கள் இருப்பது சென்னைப் புறநகர். பாதாளச் சாக்கடை 'இதோ வருது, அதோ வருது' என்று சொல்லிக் கொண்டிருக்கிற ஏரியா. அதனால் வீட்டுக்கு வீடு கிணறு, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். அன்று சாயங்காலமே சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனேன். (எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். நாளைக்கும் அங்கே போக வேண்டியிருக்கிறது.) "தண்ணியா? இன்ஜினீயரிங் செக்ஷன்ல கேளுங்க" என்றார்கள். அங்கே போனால், "செப்டிக் டேங்க்கா? அது ஹெல்த்து" என்றார்கள். ஹெல்த்தில் கேட்டால், "பிளான் அப்ரூவல் நாங்க குடுக்கலியே!" மூன்று மேஜைக்கும் நடுவில் இருந்த குடிதண்ணீர்க் கேனில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வெளியே வந்தேன். கவனித்தீர்களா... அவர்களும் கேன் தண்ணிதான்!

ஆனாலும் மறுநாள் காலையில் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். ஹெல்த் இன்ஸ்பெக்டரே வந்துவிட்டார். நடுவயசு, முதுகில் பை, பேச்சில் கொஞ்சம் நக்கல். "காமாலைன்னு எழுதிக் குடுத்திருந்தீங்க. அந்த வார்த்தையைப் பார்த்தா வந்துடுவேன் சார். மத்ததுக்கு வர நேரமில்லை. கொசுப் புழு பார்க்கறதுக்கே பாதி நாள் போயிடுது" என்றவர், பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். உள்ளே மருந்து தோய்த்த காகிதத் துண்டு. கிணற்றுத் தண்ணியைக் கோடு வரை பிடித்து, மூடி, என் கையில் கொடுத்தார்.

"சூடா ஒரு இடத்துல வையுங்க. ஒண்ணு, ரெண்டு நாள்ல தண்ணி கறுப்பாச்சுன்னா போன் பண்ணுங்க. ஆகலைன்னாலும் பண்ணுங்க."

இந்த பாட்டில் சமாசாரத்தை 1982-ல் வெளியிட்டவர்கள் நம் நாட்டு விஞ்ஞானிகள் மூன்று பேர். மலத்தோடு வரும் பாக்டீரியாக்களில் பல ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்கும். அந்த வாயு காகிதத்திலுள்ள இரும்புச் சத்தோடு சேர்ந்தால் மை மாதிரி கறுப்பு. லேப் வேண்டாம், கரன்ட் வேண்டாம். ஆனால் இது முடிவான தீர்ப்பு அல்ல. நிலத்தடி நீரில் வேறு பாக்டீரியாக்களாலும் கறுப்பாகலாம். அதனால் கறுத்தால் லேபுக்கு அனுப்பி உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பாட்டிலை ஃபிரிஜ்ஜின் தலைமேல் வைத்தோம். மறுநாள் காலையில் காபி டிகாக்ஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. சாயங்காலம் கரி!

போன் பண்ணினேன். வந்தார். லேபுக்கு அனுப்ப சாம்பிள் எடுத்த கையோடு என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றினார்.

"கிணறு ஏன் சார் இந்த மூலையில இருக்கு?"

"வடகிழக்கு... ஈசானிய மூலை. வாஸ்துப்படி தண்ணி அங்கேதானே?"

"டேங்க்?"

"வடமேற்கு, வாயு மூலை."

"கிழக்கு வீட்டுக்காரரும் வாஸ்து பார்ப்பாரா?"

"என்னைவிட ஜாஸ்தி!"

இன்ஸ்பெக்டர் கிணற்றடியில் நின்று காம்பவுண்டுச் சுவரைத் தட்டினார். "அப்போ அவர் வாயு மூலை இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் சார்."

நான் ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டேன். நீங்களும் ஒரு பேப்பரில் நாலு கட்டம் வரிசையாகப் போட்டுப் பாருங்கள். தெருவில் எல்லாரும் ஒரே சாஸ்திரத்தை ஒழுங்காகப் பின்பற்றினால், ஒவ்வொரு வீட்டுக் கிணறும் கிழக்கு வீட்டு டேங்குக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும்! வாஸ்துவைக் குறை சொல்ல வரவில்லை. அது எழுதப்பட்ட காலத்தில் அரை கிரவுண்டு கிடையாது, செப்டிக் டேங்க்கும் கிடையாது.

நம் நாட்டு ஐ.எஸ். 2470 விதி என்ன சொல்கிறது தெரியுமா? டேங்கிலிருந்து வெளியேறும் கழிவுநீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சுகுழி, குடிதண்ணீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சுமார் 60 அடி. அரை கிரவுண்டு மனை, அதாவது முப்பதுக்கு நாற்பது. அதில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் குறுக்கே டேப் பிடித்தால் சரியாக 50 அடி. ஆக, சொந்த மனைக்குள்ளேயே விதிப்படி முடியாது. இதில் பக்கத்து வீடு, பின் வீடு வேறே. இந்த 60 அடிகூட எல்லா மண்ணுக்கும் ஒரே மாதிரி காவல் இல்லை. மணல் கலந்த மண்ணில் வடிகட்டிக் கொண்டு போகும். பாறை வெடிப்பு இருந்தால் குழாய் வைத்த மாதிரி நேரே போகும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உறிஞ்சுகுழி அளவுக்கு ஏறிவிட்டால் வடிகட்ட இடைவெளியே இல்லை.

"டேங்க்ல போனா சுத்தமாயிடும்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சார் நினைக்கறாங்க. டேங்க் என்ன பண்ணுது? கனமானது அடியில தங்குது, லேசானது மேல மிதக்குது, நடுவுல இருக்கிற தண்ணி வெளியே போகுது. கிருமி அந்தத் தண்ணியோடதான் போகும். அஞ்சு பேர் வீட்டுக்கு அஞ்சடி நீளம், ரெண்டரை அடி அகலம், மூணு அடிக்கு மேல கொஞ்சம் தண்ணி ஆழம், இதே போதும். ஆனா ரெண்டு, மூணு வருஷத்துக்கு ஒரு தடவை லாரி வெச்சு எடுக்கணும். உங்க டேங்க் எடுத்து எத்தனை வருஷமாச்சு?"

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "பதினெட்டு வருஷமா எடுத்ததே இல்லை. அவ்வளவு நல்ல டேங்க்!"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ரொம்பாத டேங்க் நல்ல டேங்க் இல்லை சார். அடி இல்லாத டேங்க்."

இதற்குள் லேப் ரிப்போர்ட் வந்தது. குடிதண்ணீர் தர நிர்ணயப்படி 100 மில்லி தண்ணியில் ஈ.கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது. எங்கள் 'கல்கண்டி'ல் இருந்தது. கூடவே நைட்ரேட், லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. கிருமியைக் கொதிக்க வைத்துக் கொன்றுவிடலாம். நைட்ரேட் கொதித்தால் போகாது. தண்ணி சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். பெரியவர்களைவிட, புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தைகளுக்குத்தான் அதில் ஆபத்து. ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமப்பது குறைந்து உடம்பு நீலம் பாரிக்கும்.

பையனுக்குக் காமாலை வந்தது இந்தக் கிணற்றால்தானா? அதை யாரும் நிரூபிக்க முடியாது. பானிபூரி வண்டியாகவும் இருக்கலாம். ஆனால் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதே தண்ணியை எப்படிக் குடிப்பது?

அடுத்தது கஷ்டமான கட்டம். கிழக்கு வீட்டு சாரிடம் சொல்ல வேண்டும். ரிட்டையர்டு தலைமையாசிரியர். என் பெண் கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு போட்டுப் பந்தியில் நின்றவர். அவரிடம் போய், 'உங்க டேங்க் எங்க கிணத்துல கசியுது' என்று எந்த வாயால் சொல்வது? சொன்னேன்.

"பதினெட்டு வருஷமா வராத காமாலை இப்ப எங்க டேங்க்கால வந்துதா? தினமும் வாசல்ல பானிபூரி வாங்கித் தின்னானே உங்க பையன், அது தெரியாதா?" என்று கதவை அறைந்து சாத்தினார். பத்து நாள் பேச்சு இல்லை. என் மனைவிக்குக் கிழக்குப் பக்கம் கோலம் போடவே மனசில்லை.

இன்ஸ்பெக்டர் நினைத்தால் நோட்டீஸ் கொடுக்கலாம். 1939-லேயே நம் மாகாணத்துக்குப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது. தனியார் கிணறாக இருந்தாலும் குடிக்க லாயக்கில்லை என்றால் சுத்தம் செய், இல்லையேல் மூடு என்று சொல்ல அதில் இடமிருக்கிறது. ஆனால் அவர் நோட்டீஸ் எழுதவில்லை. கிழக்கு வீட்டில் மகள் பிரசவத்துக்கு வந்திருப்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டு, ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார். "பேரக் குழந்தைக்குப் பவுடர் பால் எந்தத் தண்ணியில கலக்கறீங்க மேடம்?" அவ்வளவுதான் கேட்டார்.

அவர்கள் கிணறும் ஈசானிய மூலை. அதற்குக் கிழக்கே இன்னொரு வாயு மூலை. அந்த பாட்டில் ஒரே ராத்திரியில் கறுத்தது.

மறுநாள் விடியற்காலையில் தலைமையாசிரியர் என் வீட்டுக் கேட்டைத் தட்டினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "வாங்க, டேங்க் மூடியைத் திறப்போம்" என்றார்.

திறந்தோம். 'திறந்தோம்' என்றால் லாரியை வரவழைத்து, மூடியை நகர்த்தி, குழாயை விட்டு உறிஞ்ச வைத்தோம். கூட வந்த பையன், "கொஞ்சம் அடியில தங்கிடுச்சு, இறங்கி வாரிடறேன் சார்" என்று சட்டையைக் கழற்றினான். இருபது வயசுகூட இருக்காது. இன்ஸ்பெக்டர் கத்திய கத்தலில் தெருவே வெளியே வந்துவிட்டது. அந்த விஷவாயுவுக்கு ஒரு மூச்சு போதும். 2013 சட்டப்படி பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம். அப்படிச் செத்துப் போனவர்கள் குடும்பத்துக்குத் தரவேண்டிய இழப்பீட்டைச் சுப்ரீம் கோர்ட் 2014-ல் பத்து லட்சம் என்று சொல்லி, 2023-ல் முப்பது லட்சமாக உயர்த்தியது. "இறக்கி விட்டவரு ஜெயிலுக்குப் போவாரு. இறங்கினவன் எங்கே போவான்?" என்றார் அந்தப் பையனிடம். அவன் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டான்.

லாரிக்காரரிடம் லைசென்ஸ் கேட்டார். இருந்தது. 2022-ல் சட்டத்தைத் திருத்தி லாரிகளுக்கு உரிமம் கட்டாயமாக்கினார்கள். அள்ளியதைச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொட்ட வேண்டும். முன்னெல்லாம் ஏரிக்கரையில் கொட்டிவிட்டு ஹார்ன் அடிக்காமல் போய்விடுவார்கள். ராத்திரியில் இன்னமும் சிலர் போகிறார்கள்.

டேங்க் காலியானதும் டார்ச் அடித்துப் பார்த்தோம். அடியில் சிமென்ட் தளமே இல்லை, வெறும் மண். நாலு பக்கம் சுவர், கீழே பூமாதேவி. "கொத்தனார் சாமர்த்தியமா பண்ணிக் குடுத்தார்னு நினைச்சேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார் தலைமையாசிரியர். பிளானில் தளம் இருந்தது. பிளானைப் பார்த்தவர்கள் குழியைப் பார்க்கவில்லை.

தளம் போட்டுப் பூசினார். வெளியேறும் தண்ணியைக் குழாய் போட்டுத் தெற்குப் பக்கமாக எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளினார். அறுபது அடி கிடைக்கவில்லை, நாற்பத்தைந்துதான் தேறியது. நாங்கள் கிணற்றை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டோம். கைநிறைய அள்ளிப் போடப்போன என்னை இன்ஸ்பெக்டர் தடுத்தார். ஆயிரம் லிட்டருக்கு நல்ல பவுடர் இரண்டரை கிராம் போதும், கரைத்துத் தெளியவிட்டு, தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். எங்கள் கிணற்றுக்குப் பதின்மூன்று கிராம் வந்தது. குடிக்க இப்போதைக்குக் கேன்தான். கிணறு துணி துவைக்க.

பையன் தேறிவிட்டான். தலைமையாசிரியர் வீட்டிலிருந்து அவனுக்குத் தினமும் இளநீர் வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மேற்கு வீட்டு இளைஞர் வந்தார். புதுசாகக் குடி வந்தவர், சாஃப்ட்வேர். வாசலிலேயே தயங்கி நின்றார்.

"அங்கிள்... அந்த பாட்டில் ஒண்ணு எனக்கும் கிடைக்குமா?"

"எதுக்குப்பா?"

"எங்க கிணறு ஈசானிய மூலையில இருக்கு அங்கிள். சுவருக்கு அந்தப் பக்கம் உங்க..." என்று இழுத்தார்.

உள்ளே வரச் சொன்னேன். லாரிக்காரர் நம்பர் என் போனில்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.